20,000 டாலர் கியர்பாக்ஸ்: நிசான் ஜிடி-ஆர் நிகழ்வும் புதிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவரின் கணக்கும்

2008 ஜூலையில் அமெரிக்க ஷோரூம்களுக்கு வந்த நிசான் ஜிடி-ஆரின் தொடக்க விலை 69,850 டாலர். 480 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், நின்ற இடத்திலிருந்து அம்பாகப் பாயும் வேகம். இதைவிட இரு மடங்கு விலையுள்ள கார்களோடு மோதக்கூடியது என்று பல மோட்டார் பத்திரிகைகள் எழுதின. சில மாதங்களிலேயே இன்னொரு எண்ணும் வெளியே வந்தது. இந்தக் காரின் கியர்பாக்ஸ் உடைந்தால், வாரண்டி இல்லாதவர் புதியதற்குக் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 20,000 டாலர். அது காரின் விலையில் 28 விழுக்காட்டுக்கும் மேல்.

புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர் கியர்பாக்ஸைப் பற்றிய புகார்களை எப்படி எடைபோடுவது என்பதற்கு இந்த ஜிடி-ஆர் நிகழ்வு போல வேறொன்று அமையாது. எந்திரம், மென்பொருள், வாரண்டிப் புத்தகத்தின் சொற்கள், உதிரிபாக விநியோகம் என்று நான்கும் ஒரே காரில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதன் உள்விவரங்களை முதலில் பார்ப்போம். பிறகு, கியர்பாக்ஸ் அமைப்பில் இதற்கு நெருங்கிய இன்றைய காரான செவ்ரோலே கார்வெட் சி8-ஐ அதே கேள்விகளோடு அணுகுவோம்.

பெட்டியின் அமைப்பு

ஜிடி-ஆர் ஆர்35 முதலில் காட்சிக்கு வந்தது 2007 அக்டோபரில், டோக்கியோ மோட்டார் ஷோவில். தலைமைப் பொறியாளர் கஸுதோஷி மிஸுனோ. எஞ்சின் 3.8 லிட்டர், இரட்டை டர்போ, வி6. அது முன்னால் இருக்கிறது. கியர்பாக்ஸோ பின்னால், இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலோடு ஒட்டியிருக்கிறது. எஞ்சினின் விசை கார்பன் கலந்த ஒரு நீண்ட தண்டு வழியாகப் பின்னே போகிறது. கியர்பாக்ஸுக்குள் மாற்றம் பெற்றபின் ஒரு பங்கு பின் சக்கரங்களுக்குப் போகிறது. மறு பங்கு இரண்டாவது தண்டு வழியாக மீண்டும் முன் அச்சுக்கு வருகிறது. எடையை முன்னும் பின்னும் சமப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: கிளட்ச், ஆறு கியர்கள், முன் அச்சுக்கு விசை பிரிக்கும் பாகம் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடைபட்டுவிட்டன. ஒன்று கெட்டால் மொத்தக் கூட்டையும் இறக்கியாக வேண்டும்.

ஜிஆர்6 என்று பெயர் பெற்ற இந்தப் பெட்டியைத் தயாரித்தது ஐச்சி மெஷின் இண்டஸ்ட்ரி. இதன் இரட்டைக் கிளட்ச் போர்க்வார்னருடையது. வேலை செய்யும் முறை எளிது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச். மூன்றாவது கியரில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவதைக் கணினி பிணைத்து வைத்துவிடும். மாற்றும் நொடியில் ஒரு கிளட்ச் விலக, மற்றது பிடிக்கும். ‘ஆர்’ எனப்படும் மிக வேகமான முறையில் இதற்கு ஆகும் நேரம் 0.2 நொடி என்று நிசான் சொன்னது.

கிளட்சுகள் ஆயிலில் நனைந்தபடி சுழல்பவை. அதே ஆயில்தான் கியர்களுக்கும், அவற்றைப் பிணைக்கும் ஹைட்ராலிக் வால்வுகளுக்கும் போகிறது. இரட்டைக் கிளட்ச் காரை வாங்குகிற எவரும் மனதில் நிறுத்த வேண்டிய செய்தி இது. கிளட்ச் தட்டு தேய்ந்து உதிரும் தூளும், கியர் பல்லிலிருந்து வரும் இரும்புத் துகளும் ஃபில்டரைத் தாண்டிவிட்டால் நேரே மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்குள் போய் உட்காரும். வால்வு ஒட்டிக்கொண்டால் ஒற்றைப்படைக் கியர்கள் எல்லாமே, அல்லது இரட்டைப்படைக் கியர்கள் எல்லாமே ஒரேயடியாகக் கிடைக்காமல் போகலாம். டேஷ்போர்டில் விளக்கு எரியும், கார் நியூட்ரலில் நின்றுவிடும். அப்போது கியர் எதுவும் உடைந்திருக்காது. நகத்தில் ஒட்டுகிற அளவுத் துகள் ஒன்று வால்வில் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் உரிமையாளர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். புகார்களைப் படிக்கும்போது இந்த இரண்டு வகையையும் பிரித்துப் படிக்காதவர் தவறான முடிவுக்கே வருவார்.

கியர் உடைந்த விதம்

தொடக்ககால ஜிடி-ஆரில் பேசப்பட்ட உடைப்புகள் பெரும்பாலும் லாஞ்ச் கன்ட்ரோலை, அதாவது நின்ற இடத்திலிருந்து காரை முழு வேகத்தில் கிளப்பும் வசதியைச் சுற்றியே இருந்தன. முறை இதுதான்: கியர்பாக்ஸ் சுவிட்சை ஆர் நிலைக்குத் தள்ளுவது, வழுக்கலைத் திருத்தும் விடிசி அமைப்பை முழுக்க அணைப்பது, இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வலது காலால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பது. எஞ்சின் 4,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4,500 சுழற்சி) அளவில் சுழன்றபடி காத்திருக்கும். பிரேக்கை விட்டதும் கிளட்ச் சட்டென்று பிடிக்கும்.

அந்த நொடியில் கியர் பற்கள் மேல் விழும் சுமையை எண்களில் பார்ப்பது நல்லது. எஞ்சினின் உச்ச முறுக்கு விசை 588 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 4.056. பெருக்கினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டில் ஏறத்தாழ 2,385 நியூட்டன் மீட்டர். இறுதி விகிதமான 3.7-ஐயும் சேர்த்தால் சக்கர அச்சுகளில் 8,800-ஐத் தாண்டுகிறது. இது சீராக ஓடும்போது வருகிற கணக்கு. லாஞ்ச் செய்யும்போது இதற்கு மேலே இன்னொன்று சேரும்: 4,500 ஆர்பிஎம்மில் சுழன்றுகொண்டிருந்த கிராங்க் தண்டும் அதன் கனச் சக்கரமான ஃப்ளைவீலும் கிளட்ச் பிடித்த கணத்தில் வேகம் குறைகின்றன. அவற்றில் தேங்கியிருந்த ஆற்றலின் ஒரு பங்கு ஓர் அடியாகக் கியர் பற்களில் இறங்குகிறது.

இந்த அடிக்குச் சாதாரணமாக ஒரு வடிகால் உண்டு, டயர். பின் சக்கர இயக்கமுள்ள காரில் அளவுக்கு மீறிய விசை வந்தால் டயர் சுழன்று புகையைக் கிளப்பும், கியர் தப்பிக்கும். மின்கம்பியில் ஃப்யூஸ் செய்யும் வேலையை அங்கே ரப்பர் செய்கிறது. 1,740 கிலோ எடையும், நான்கு சக்கர இயக்கமும், பின்னால் 285 மி.மீ. அகல டயர்களும் உள்ள ஜிடி-ஆரில் அந்த ஃப்யூஸ் எரிவதே அரிது. தரை விடாது, டயர் வழுக்காது, எஞ்சினும் தளராது. மிஞ்சுவது நடுவில் இருக்கும் கீழ்க் கியர்கள்தான். ஆகவே ‘நிசான் மட்டமான கியரைப் போட்டுவிட்டது’ என்று மட்டும் இந்த நிகழ்வைச் சுருக்குவது சரியில்லை. காரின் மிகப் பெரிய பலமாகிய பிடிமானமே கியர்பாக்ஸுக்குப் பகையாக நின்றது என்பதே பொறியியல் உண்மை.

கையேட்டின் ஒரு வரி

நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. வாங்குபவர் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய பகுதியும் இதுவே.

ஜிடி-ஆரின் உரிமையாளர் கையேடு விடிசியை அணைப்பதற்கு ஒரே ஒரு சூழலைத்தான் ஒப்புக்கொண்டது: பனியிலோ சேற்றிலோ கார் சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பதற்கு. அதை அணைத்துவிட்டு ஓட்டியதால் வரும் சேதம் வாரண்டிக்குள் வராமல் போகலாம் என்றும் எழுதியிருந்தது. லாஞ்ச் கன்ட்ரோலுக்கோ விடிசியை அணைத்தே ஆக வேண்டும். அதாவது, ஓட்டுநரின் கைக்கெட்டும் பொத்தானாக ஒரு வசதி காரில் இருந்தது. அந்தப் பொத்தானைத் தொட்டால் பாதுகாப்பு விலகிவிடும் என்று கையுறைப் பெட்டியில் ஒரு புத்தகம் சொன்னது. காரின் நிலையைப் பதிவுசெய்யும் கருவி ஒன்றும் உள்ளே இருந்ததால், விடிசி எப்போது அணைக்கப்பட்டது என்பது சர்வீஸ் மையத்துக்குத் தெரியும். இல்லை என்று மறுக்க வழியில்லை.

இதில் எங்களுக்கு ஒளிவுமறைவில்லாத கருத்து உண்டு. ஒரு காரின் பெருமையாகப் பேசப்படும் வசதி அதன் வாரண்டியோடு மோதினால், பிழை வாங்குபவர் மேல் இல்லை. ஆனால் பிழை யாருடையது என்பது வேறு, பணம் யாருடையது என்பது வேறு. 2008-ல் கையேட்டைப் படித்துவிட்டு வாங்கியவர் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருக்கவோ, தொட்டால் வரும் செலவைத் தெரிந்தே ஏற்கவோ முடிந்தது. படிக்காதவருக்கு அந்தத் தேர்வே கிடைக்கவில்லை.

செலவு 20,000 டாலர் வரை ஏறியதற்கு இன்னொரு காரணம், தொடக்கத்தில் கியர்பாக்ஸின் உள்பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்காதது. டீலர் பட்டறை பெட்டியைத் திறக்காது, முழுப் பெட்டியை மாற்றும். சில நூறு டாலர் மதிப்புள்ள கியர் ஒன்று உடைந்தாலும் பில் முழுப் பெட்டிக்குத்தான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் டாட்சன் மோட்டார்ஸ்போர்ட் போன்ற தனியார் நிறுவனங்கள் வலுவூட்டிய கியர்களையும் கிளட்ச் தொகுதிகளையும் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் ஜிஆர்6-ஐத் திறந்து பழுதுபார்ப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. முதல் ஆண்டு மாடலை வாங்குபவர்கள் பொதுவாக மறந்துவிடுவது இதைத்தான். கார் புதிது என்றால் அதைப் பிரித்துப் பழகிய கைகளும் இன்னும் உருவாகவில்லை என்று பொருள்.

மென்பொருள் தந்த விடை

நிசான் எடுத்த முக்கிய நடவடிக்கை, கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியது. 2010 மாடலில் புது நிரல் வந்தது, 2009 மாடல் கார்களுக்கும் (2008 ஜூலையில் வந்தவை இவைதான்) அதை ஏற்றிக்கொள்ளலாம் என்றானது. விடிசியை முழுக்க அணைக்காமலேயே லாஞ்ச் செய்ய முடிந்தது. எஞ்சின் சுழன்று காத்திருக்கும் வேகம் 3,000 ஆர்பிஎம் அளவுக்கு இறங்கியது.

4,500-லிருந்து 3,000 என்பது மூன்றில் ஒரு பங்கு குறைவுதானே என்று தோன்றும். சுழலும் பொருளின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3,000-ஐ 4,500-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.44. கிளட்ச் பிடிக்கும் கணத்தில் ஃப்ளைவீலில் தேங்கியிருக்கும் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஓர் இரும்பையும் மாற்றாமல், சில வரி நிரலால் கியர் பல் வாங்கும் அடி இவ்வளவு குறைந்தது.

வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. ஒரு கியர்பாக்ஸைப் பற்றிய புகார் வந்தபின் உற்பத்தியாளர் எதை மாற்றினார் என்று தேடுங்கள். நிரலை மாற்றியதோடு புகார் தணிந்திருந்தால் பழுது ஓட்டும் முறையைச் சார்ந்தது. அந்த முறையில் ஓட்டாதவருக்குக் கவலை குறைவு. பாகத்தின் வார்ப்பையோ பேரிங்கையோ சீலையோ மாற்றியிருந்தால், மெதுவாக ஓட்டுபவரும் அந்தக் குறையோடுதான் காரை எடுத்துப்போகிறார். அப்படியானால் உங்கள் கார் மாற்றத்துக்கு முன் தயாரானதா, பின் தயாரானதா என்பதைக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தயாரிப்பு மாதத்தை வைத்து உறுதிசெய்ய வேண்டும்.

கார்வெட் சி8: அதே கேள்விகள், வேறு விடைகள்

2019 ஜூலை 18-ல் அறிமுகமாகி, 2020 பிப்ரவரியில் கென்டக்கியின் பௌலிங் கிரீன் ஆலையில் உற்பத்தி தொடங்கிய எட்டாம் தலைமுறை கார்வெட், எஞ்சினை நடுவில் வைத்த முதல் கார்வெட். 6.2 லிட்டர் வி8, அறிமுகத்தின்போது தொடக்க விலை 60,000 டாலருக்குச் சற்றுக் கீழே. மேனுவல் கியர் கிடையாது. எல்லாக் காரிலும் டிரெமெக் நிறுவனத்தின் டிஆர்-9080 என்கிற எட்டு வேக, நனைந்த இரட்டைக் கிளட்ச் பெட்டிதான். முதல் ஆண்டு கார், புத்தம் புதிய கியர்பாக்ஸ், மாற்று வழி இல்லை. 2008-ன் ஜிடி-ஆர் வாங்குபவர் நின்ற அதே இடம்.

முதல் சில ஆண்டுகளில் இந்தப் பெட்டியைப் பற்றியும் புகார்கள் எழுந்தன. பழுதான பெட்டியைப் பிரிக்காமல் முழுதாக மாற்றிவிடுவதே டீலர்களின் வழக்கமாகவும் இருந்தது. இவ்வளவு வரை கதை ஒன்றுதான். வேறுபடுவது கையேட்டிலும் அமைப்பிலும்.

முதலாவது, சி8 பின் சக்கர இயக்கம். ரப்பர் ஃப்யூஸ் இருக்கிறது. ஈரே என்கிற கலப்பின மாடலில் முன் அச்சை மின்மோட்டார் தனியாக இயக்குகிறது; அந்த விசை கியர்பாக்ஸ் வழியாகப் போவதே இல்லை. இரண்டாவது, முதல் கியர் விகிதம் 2.91. உச்ச முறுக்கு விசை 637 நியூட்டன் மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் முதல் கியரில் பெருகுவது ஏறத்தாழ 1,854. ஜிடி-ஆரின் 2,385-ஐவிடக் குறைவு. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: லாஞ்ச் கன்ட்ரோலைக் கொடுத்துவிட்டு, அதைத் தொட்டால் வாரண்டி போகும் என்கிற வகைக் கண்ணி இங்கே இல்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் அடங்கிய பவர்டிரெய்ன் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல்.

அதற்கு ஈடாகப் பழக்கும் காலத்தைக் கார் தானே காவல் காக்கிறது. முதல் 500 மைல், அதாவது 800 கி.மீ. வரை கீழ்க் கியர்களில் எஞ்சின் விசையை மென்பொருள் மட்டுப்படுத்துகிறது. 1,500 மைலுக்கு முன் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்கிறது கையேடு. பராமரிப்பு அட்டவணையில் தெளிவான வரி ஒன்று உண்டு: 2020 மாடலுக்குக் கியர்பாக்ஸ் ஃபில்டரை முதல்முறை 7,500 மைலில் மாற்ற வேண்டும், பிறகு 22,500 மைல் அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும்.

இந்த 7,500 மைல் ஃபில்டரைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. புதுக் கியர்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில்தான் துகள் மிக அதிகமாக உதிரும். உற்பத்தியின்போது தங்கிப்போன துணுக்குகளும் அப்போதே ஆயிலோடு கிளம்பும். அந்த அழுக்கு ஃபில்டரில் இருக்கும்வரை நல்லது. வால்வுகளுக்குள் போனால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். வாங்கும் முன் டீலரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த வேலையை உங்கள் பட்டறையில் யார் செய்வார், இதுவரை எத்தனை காருக்குச் செய்திருக்கிறார்? கார்வெட்டுக்குப் பயிற்சி பெற்ற ஆள் இல்லாத டீலரிடம் 500 டாலர் தள்ளுபடி கிடைத்தாலும் அது மலிவு ஆகாது.

மேனுவல் என்றால் கவலையே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011 ஃபோர்டு மஸ்டாங்கின் எம்டி-82 ஆறு வேக மேனுவலில் கியர் விழவில்லை, சிக்குகிறது என்ற புகார்கள் பெருகி, அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அதே ஆண்டு விசாரணை தொடங்கியது. ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கார்களைத் திரும்ப அழைப்பது, எதுவும் இல்லாமல் அது முடிந்தது. அந்த அமைப்பு பார்ப்பது உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை மட்டுமே. விசாரணை மூடப்பட்டது என்றால் கியர்பாக்ஸ் நீடித்து உழைக்கும் என்று சான்றிதழ் கிடைத்ததாக ஆகாது. மேனுவலின் உண்மையான சாதகம் வேறு: அதைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

காரைத் தொட்டுப் பார்க்கும்போது

சோதனை ஓட்டத்தைக் குளிர்ந்த எஞ்சினோடு தொடங்க வேண்டும். காரை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் கெட்டியாக இருக்கும் முதல் ஐந்து நிமிடத்தில்தான் வால்வுகளின் தயக்கம் தெரியும். டிரைவில் போட்டதும் கார் மெல்ல ஊர வேண்டும். இரண்டு நொடி தாமதித்து ஒரு குதி குதித்தால் காரணம் கேட்க வேண்டும். சற்று ஏற்றமான இடத்தில் ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக ஏற்றிப் பாருங்கள். இரட்டைக் கிளட்சுக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை, நடுக்கம் இருந்தால் இங்கே மறையாது. பிறகு 15 முதல் 25 கி.மீ. வேகத்தில் நெரிசல் போல நின்று நின்று ஓட்டி, இரண்டாவதிலிருந்து முதல் கியருக்கு இறங்குவதைக் கவனியுங்கள்.

கேட்கும் ஒலி எல்லாமே பழுதில்லை. ஜிடி-ஆரின் பின்பக்கத்திலிருந்து வரும் கலகல ஒலி அந்தப் பெட்டியின் இயல்பு. புதுக் காரிலும் கேட்கும். மெதுவாகப் போகும்போது ஒரு ‘டக்’ வருவது எல்லா இரட்டைக் கிளட்ச் காரிலும் ஓரளவு உண்டு. கவலைப்பட வேண்டியவை வேறு: வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, ஒரே கியரில் மட்டும் வரும் அரைச்சல், 30 நிமிடம் ஓட்டிச் சூடான பின் முன்பு இல்லாத உதறல். இயன்றால் அதே மாடலில் இரண்டாவது கார் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். இயல்பு எது, குறை எது என்பதை ஒப்பீடுதான் சொல்லும்.

கார் லிஃப்டில் ஏறும்போது கூட்டின் இணைப்பு ஓரங்களையும் அச்சுத் தண்டுகள் வெளியே வரும் சீல்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் துடைத்துவிட்டு 20 கி.மீ. ஓட்டி மறுபடி பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும்போது, துகளைப் பிடிக்கும் காந்தத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் களிம்பு இயல்பானது. ஊசி போலவோ செதில் போலவோ விரலில் குத்துகிற துண்டு இருந்தால் அது கியர் பல்லிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்தது. அதைப் படமெடுத்து, சர்வீஸ் ஆர்டரில் எழுதச் சொல்லி வையுங்கள்.

வாய்மொழிப் புகார்களுக்கு மாற்றாக ஒரு நல்ல ஆதாரம் இலவசமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் டீலர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் அறிவிக்கைகள் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் மாடல் வாரியாகக் கிடைக்கின்றன. ரீகாலைக் காரின் அடையாள எண்ணைக் கொடுத்தே பார்க்கலாம். அறிவிக்கையில் முதலில் தேட வேண்டியது திருத்தத்தின் வகை. ‘நிரலை ஏற்றுக’, ‘சோலனாய்டை மாற்றுக’, ‘முழுப் பெட்டியை மாற்றுக’ ஆகிய மூன்றும் மூன்று விதமான எதிர்காலங்கள். ஒரே பெட்டிக்கு முழுமாற்றம் என்றிருந்த அறிவிக்கை பின்னாளில் பாகமாற்றம் என்று திருத்தப்பட்டிருந்தால் அது நல்ல அறிகுறி. குறை எங்கே என்று தெரிந்துவிட்டது, திறக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பணக் கணக்கு

நீட்டிப்பு வாரண்டி வாங்கலாமா என்பதற்கு உணர்ச்சியைவிட வகுத்தல் கணக்கு உதவும். ஓர் எடுத்துக்காட்டு: ஒப்பந்தம் 3,500 டாலர், முழுப் பெட்டி மாற்றச் செலவு 20,000 டாலர். 3,500-ஐ 20,000-ஆல் வகுத்தால் 17.5 விழுக்காடு. கியர்பாக்ஸை மட்டும் மனதில் வைத்து வாங்குவதானால், ஒப்பந்தக் காலத்துக்குள் நூற்றில் 17 அல்லது 18 பெட்டிகள் போகும் என்று நம்பினால்தான் அந்த விலை நியாயம். ஆனால் 20,000 டாலரை ஒரே தவணையில் கொடுக்க முடியாத குடும்பத்துக்கு இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அது காப்பீடு, வாங்குவது சரியே.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய சொற்கள் சில. சீல், கேஸ்கட் உண்டா? ஆயிலும் ஃபில்டரும் பழுதுபார்ப்போடு சேர்ந்து வருமா? ஒரு பாகம் உடைந்து இன்னொன்றைக் கெடுத்தால் இரண்டுக்கும் பணம் தருவார்களா? பந்தயத் தடம், நேரம் அளக்கும் நிகழ்ச்சி என்ற சொற்கள் எந்த அளவுக்கு விலக்கப்பட்டிருக்கின்றன? கடைசிக் கேள்வியில்தான் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் சிக்குகிறார்கள். ஓட்டுநர் பயிற்சி வகுப்பும் விலக்கில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வேறு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்தினார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகம் பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். எஞ்சின் விசையை உயர்த்தும் நிரலை ஏற்றிவிட்டு உடைந்த கியருக்கு வாரண்டி கேட்டால், அதைக் காட்டுவது அவர்களுக்கு எளிது. கலிஃபோர்னியாவின் சாங்-பெவர்லி சட்டம் புதுக் காருக்கு 18 மாதம் அல்லது 18,000 மைல் என்று ஓர் எல்லை வகுக்கிறது. அதற்குள் அதே குறைக்கு நான்கு முறை பழுதுபார்த்தும் தீரவில்லை என்றாலோ, உயிராபத்தான குறைக்கு இரண்டு முறை முயன்றும் தீரவில்லை என்றாலோ, மொத்தம் 30 நாளுக்கு மேல் கார் பட்டறையில் கிடந்தாலோ, திரும்பக் கொடுக்கும் உரிமை வாங்குபவர் பக்கம் சாய்கிறது. ஓடும் சாலையில் கியர்பாக்ஸ் நியூட்ரலுக்குப் போவது இரண்டாவது வகையில் வருமா என்று வழக்கறிஞரிடம் கேட்பது வீண் வேலை இல்லை. இதற்கெல்லாம் உயிர்நாடி, ஒவ்வொரு முறை பட்டறைக்குப் போகும்போதும் எழுதி வாங்கும் சர்வீஸ் ஆர்டர். ‘சோதித்தோம், இயல்பாக உள்ளது’ என்று எழுதினாலும் அந்தத் தாள் வேண்டும். தேதி, மைல் எண், நீங்கள் சொன்ன குறை உங்கள் சொற்களிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கையெழுத்துக்கு முன்

முதல் ஆண்டுக் காரா, இரண்டு ஆண்டு காத்திருப்பதா என்ற கேள்விக்கு எங்கள் விடை பயன்பாட்டைப் பொறுத்தது. ஆண்டுக்கு 5,000 மைல் சாலையில் மட்டும் ஓட்டுபவர், ஐந்தாண்டு வாரண்டி முடியும் முன் விற்றுவிடும் எண்ணமுள்ளவர், அருகில் நல்ல பட்டறை வைத்திருப்பவர் முதல் ஆண்டிலேயே வாங்கலாம். உடைந்தாலும் இழப்பது பெரும்பாலும் நாட்களைத்தான். தடத்தில் ஓட்டுபவரும், பத்தாண்டு வைத்திருக்கப் போகிறவரும், அடுத்த டீலர் 300 கி.மீ. தள்ளி இருப்பவரும் காத்திருப்பது நல்லது. 2010 ஜிடி-ஆரை வாங்கியவர் 2009-ஐ வாங்கியவரைவிட அதிகம் அறிந்தவராக இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது; திருத்தம் காரிலேயே வந்தது.

ஷோரூமில் காட்சிக்கு வைத்து ஓட்டிய காரைத் தள்ளுபடியில் கொடுத்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கியது என்பது ஒன்று. அது நீங்கள் வாங்கும் நாளாக இருக்காது. முதல் 500 மைலை யார் ஓட்டினார்கள் என்பது மற்றது. பழகாத கியர்களோடு பல வாடிக்கையாளர்கள் முழு மிதி மிதித்துப் பார்த்த காருக்கு 2,000 டாலர் தள்ளுபடி போதாது.

வண்டியை எடுக்கும் நாளில் மைல் எண்ணையும், கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டு நிரலின் பதிப்பு எண்ணையும் டீலரிடம் எழுதி வாங்குங்கள். அந்த ஆண்டு மாடலுக்கான கையேட்டையும் வாரண்டிப் புத்தகத்தையும் அன்றே தரவிறக்கி வையுங்கள். ஆண்டுக்கு ஆண்டு அவற்றின் சொற்கள் மாறும். உங்கள் காருக்குச் செல்லுபடியாவது நீங்கள் வாங்கிய ஆண்டின் சொற்கள்தான்.